அதிகாரப் பகிர்வு உடன்படிக்கைகள் உள்நாட்டுப் போரை முடிக்கின்றனவா, தள்ளிப்போடுகின்றனவா?

உவர்மலை ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலையில் உயர்தர வகுப்புகளுக்கு அரசறிவியல் கற்பிக்கிறேன். பாடசாலைகளுக்கிடையிலான விவாதப் போட்டி ஒன்றுக்கு, உள்நாட்டுப் போரை முடிவுக்குக் கொண்டுவரச் சிறந்த வழி அதிகாரப் பகிர்வே என்ற தலைப்புத் தரப்பட்டுள்ளது. இரு அணிகளுக்கும் தரவு திரட்டிக் கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

எதிர்த்துப் பேசும் அணிக்காக அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. ருவாண்டாவில் 1993 ஓகஸ்டில் கையெழுத்தான அருஷா உடன்படிக்கை, கிளர்ச்சியாளருக்கு அமைச்சுகளோடு படையினரில் 40 வீதத்தையும் படை அதிகாரிகளில் பாதியையும் ஒதுக்கியது. 1994 ஏப்ரலில் இனப்படுகொலை தொடங்கிவிட்டது. சியரா லியோனில் 1999 ஜூலையில் செய்யப்பட்ட லோமே உடன்படிக்கை, கிளர்ச்சித் தலைவர் ஃபொடே சங்கோவைத் துணை ஜனாதிபதிக்கு நிகரான நிலையில் அமர்த்தியதோடு, நாட்டின் கனிம வளங்களைக் கவனிக்கும் ஆணைக்குழுவின் தலைமையையும் அவரிடமே ஒப்படைத்தது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் அவருடைய ஆட்கள் ஐ.நா. அமைதிப்படையினரை நூற்றுக்கணக்கில் சிறைப்பிடித்தார்கள். ஆதரித்துப் பேசும் அணிக்கு வட அயர்லாந்து, தென்னாபிரிக்கா, புருண்டி ஆகியவற்றைக் கொடுத்திருக்கிறேன். ஆனால் இரு பட்டியல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, காகிதத்தில் ஏறத்தாழ ஒரே மாதிரியாகத் தெரியும் ஏற்பாடுகள் ஓரிடத்தில் நிலைத்ததற்கும் இன்னோரிடத்தில் கலைந்ததற்கும் காரணம் எது என்று என்னால் மாணவர்களுக்குத் தெளிவாகச் சொல்ல முடியவில்லை.

இதற்கிடையில் மாணவி ஒருவர் கேட்ட கேள்வி: “மாகாண சபை எங்கள் ஊரிலேயே இருக்கிறது, சேர். உறுப்பினர் ஒருவர்கூட இல்லாத சபையை அதிகாரப் பகிர்வுக்கு உதாரணமாகக் காட்டலாமா?” கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தபோது அவர் புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் வயதில் இருந்திருப்பார். அதற்கும் பதில் தேவைப்படுகிறது. கட்சிச் சண்டையைத் தவிர்த்து எழுதுவீர்கள் என்று நம்புகிறேன்.

தம்பலகாமத்தான்:

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். மாகாண நிருவாகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். உங்கள் முதல் கேள்விக்கு என்னுடைய பதில், ஒவ்வோர் உடன்படிக்கையிலும் ஆயுதம் பற்றிய வாசகத்தைத் தேடிப் பிடித்து வாசியுங்கள் என்பதே. அமைச்சுப் பதவிகளை யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதுதான் பத்திரிகைகளில் கொட்டை எழுத்தில் வரும். ஆனால் கொடுப்பவருக்கு ஆகக் குறைந்த செலவுள்ள பகுதியும் அதுதான். யார் எப்போது ஆயுதத்தைக் கீழே வைப்பது, அதற்கு ஈடாக அதே வேளையில் மற்றத் தரப்பு எதைச் செய்வது, வைத்த பின்னர் அவரைப் பாதுகாக்கப்போகும் பொலிஸ் யாருடைய பொலிஸ் என்பவற்றில்தான் உடன்படிக்கையின் உயிர் இருக்கிறது. ஆயுதத்தைக் கையளித்தவரால் அதன்பின் எதையும் வற்புறுத்திப் பெற முடியாது. கையளிக்காதவரை எதிர்த்தரப்பு நம்பப் போவதில்லை. உள்நாட்டுப் போர்கள் பேச்சுவார்த்தை மேசையில் முடிவது அரிதாக இருப்பதற்கு இந்த அச்சமே முதன்மைக் காரணம் என்று பார்பரா வால்ட்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் வாதிடுகிறார்.

நம்முடைய கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1987 ஜூலை 29 அன்று கையெழுத்தான இந்திய-இலங்கை ஒப்பந்தம், கைச்சாத்தாகி 48 மணித்தியாலத்துக்குள் மோதல் நிறுத்தம், அது நடைமுறைக்கு வந்து 72 மணித்தியாலத்துக்குள் ஆயுதக் கையளிப்பு என்று விதித்தது. ஆகமொத்தம் ஐந்து நாட்கள். மறுபுறத்தில், மாகாண சபை எப்படி இருக்கும் என்பதைச் சொல்லும் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் நிறைவேறியதோ அந்த ஆண்டு நவம்பரில்; வடக்கு கிழக்கு சபைக்குத் தேர்தல் நடந்ததோ அடுத்த ஆண்டு நவம்பரில். கொடுக்க வேண்டியதை ஐந்து நாளில் கொடு, பெற வேண்டியதற்கு ஓராண்டுக்கு மேல் காத்திரு என்பதே இதன் பொருள். அதுவும், கையெழுத்திட்டவர்கள் இரண்டு அரசாங்கங்கள். ஆயுதத்தைக் கொடுக்க வேண்டியவர்கள் கையெழுத்திடவே இல்லை. 1987 ஒக்டோபரில் உத்தரவாதம் அளிக்க வந்த இந்தியப் படையே புலிகளுடன் போரில் இறங்கியது. திருகோணமலையைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்த சபை, அந்தப் படை 1990 மார்ச்சில் வெளியேறியபோது அதனுடனேயே முடிவுக்கு வந்தது.

இனி வட அயர்லாந்தைப் பாருங்கள். 1998 ஏப்ரல் 10 உடன்படிக்கையும் ஆயுதக் களைவுக்கு இரண்டு ஆண்டு இலக்கு வைத்தது. ஐ.ஆர்.ஏ. என்ற அயர்லாந்துக் குடியரசுப் படையைப் பொறுத்தவரை அது முழுமையடைந்ததோ 2005 செப்டெம்பரில். இடையில் அமைச்சரவை பலமுறை முடங்கியது. 2002 ஒக்டோபர் முதல் 2007 மே வரை தொடர்ச்சியாகவே இடைநிறுத்தப்பட்டிருந்தது. ஆனால் அதே காலத்தில் மறுபக்கமும் நகர்ந்துகொண்டிருந்தது: கைதிகள் விடுவிக்கப்பட்டார்கள், 2001 நவம்பரில் பழைய பொலிஸ் படை புதிய பெயருடன் மறுசீரமைக்கப்பட்டது, பத்தாண்டுகளுக்குக் கத்தோலிக்கர் பாதி மற்றவர் பாதி என்று ஆட்சேர்ப்பு நடந்தது. அதன் விளைவாகப் பொலிஸில் சுமார் 8 வீதமாக இருந்த கத்தோலிக்கர் பங்கு ஏறத்தாழ 30 வீதமாக உயர்ந்தது. என் கணிப்பில், அங்கே அமைச்சரவையைவிடப் பொலிஸ்தான் போரை முடித்தது. 1973இல் சன்னிங்டேலில் ஏறத்தாழ இதே அமைச்சரவைப் பங்கீடு ஒப்புக்கொள்ளப்பட்டு 1974இல் ஐந்தே மாதத்தில் கவிழ்ந்ததையும், அந்த ஏற்பாட்டில் ஆயுதம் வைத்திருந்த எவரும் சேர்க்கப்படவில்லை என்பதையும் மாணவர்கள் கட்டாயம் குறித்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் நேர்த்தியான உதாரணம் ஆச்சே. 2005 ஓகஸ்ட் 15 அன்று ஹெல்சின்கியில் இந்தோனேசிய அரசும் சுதந்திர ஆச்சே இயக்கமும் செய்துகொண்ட உடன்பாட்டில் இயக்கத்தின் 3,000 போராளிகள் கலைக்கப்படுவதும் 840 ஆயுதங்கள் ஒப்படைக்கப்படுவதும் எண்ணிக்கையோடு எழுதப்பட்டன. அதே பக்கங்களில், ஆச்சேயில் எஞ்சியிருக்கக்கூடிய படையினர் 14,700 பேர், பொலிஸார் 9,100 பேர் என்ற உச்சவரம்பும் எழுதப்பட்டது. 2005 செப்டெம்பர் முதல் டிசெம்பர் வரை நான்கு கட்டங்களில், ஒவ்வொரு கட்டத்திலும் ஆயுதம் ஒரு பக்கம் வர, படை மறுபக்கம் வெளியேற, ஐரோப்பிய ஒன்றியத்தையும் ஆசியான் நாடுகள் ஐந்தையும் சேர்ந்த கண்காணிப்பாளர்கள் இரண்டையும் எண்ணினார்கள். எண்ணக்கூடியதாக எழுதியிருந்தபடியால்தான் எண்ண முடிந்தது. எதிர்மாறான உதாரணம் தென் சூடான்: 2015 உடன்பாட்டின்படி கிளர்ச்சித் தலைவர் ரியெக் மச்சார் தன் சொந்தப் படையோடு தலைநகர் ஜூபாவுக்குத் திரும்பினார்; ஒரே நகரில் இரண்டு படைகள் இருந்த நிலை 2016 ஜூலையில் வெடித்தது.

அந்த 72 மணித்தியால வாசகத்துக்கு ஒரு பின்கதையும் உண்டு. வடக்கையும் கிழக்கையும் இணைப்பதற்கு ஆயுதக் கையளிப்பும் மோதல் நிறுத்தமும் முன்நிபந்தனை என்று மாகாண சபைகள் சட்டம் கூறியிருந்தது. அது நிறைவேறாத நிலையில், ஜனாதிபதி ஜயவர்தன அவசரகால ஒழுங்குவிதி ஒன்றின் மூலம் அந்த நிபந்தனையைத் தளர்த்திவிட்டு இணைப்பைப் பிரகடனம் செய்தார். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2006 ஒக்டோபர் 16 அன்று, அந்தப் பிரகடனம் செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2007 ஜனவரியில் நாங்கள் பழைய கடிதத் தலைப்புகளில் ‘வடக்கு’ என்பதைப் பேனாவால் வெட்டிவிட்டுக் கடிதம் அனுப்பிக்கொண்டிருந்தோம். புதிய தலைப்புகள் அச்சாகி வரும்வரை அதுதான் வழக்கம்.

கிண்ணியா வாசகன்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். தம்பலகாமத்து ஐயா எழுதியதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவருடைய கணக்கில் இரண்டு தரப்புகள் மட்டுமே இருக்கின்றன. எந்தச் சமூகமும் பாதியைத் தாண்டாத திருகோணமலை மாவட்டத்தில் இருந்துகொண்டு அப்படிக் கணக்குப் போடுவது எனக்குச் சற்று வியப்பாகவே இருக்கிறது. ஆயுதம் இருந்தவர்களையும் அரசையும் மேசைக்கு இருபுறமும் உட்கார வைத்துவிட்டால், ஆயுதம் எடுக்காதவர்கள் எங்கே உட்காருவது? 1987இல் கிழக்கு முஸ்லிம்களிடம் எவரும் கேட்கவில்லை. 2002 பேச்சுவார்த்தையில் தனித் தரப்பாக உட்கார வேண்டும் என்று கேட்டோம், கிடைக்கவில்லை. 2005 ஜூனில் சுனாமி நிவாரணத்துக்கான பொதுக் கட்டமைப்பு கையெழுத்தானபோதும், கிழக்குக் கரையில் அத்தனை முஸ்லிம் கிராமங்கள் அழிந்திருந்தும், கையெழுத்திட்டவர்கள் அரசும் புலிகளுமே. அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது என்பது வேறு விடயம். அதே அலையில் அழிந்த ஆச்சேயில் அதே ஆண்டு போர் முடிந்தது என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

இரு தரப்புக்கு மட்டும் எழுதிய பங்கீடு என்ன செய்யும் என்பதற்குக் கொலம்பியா நல்ல சான்று. லிபரல், கன்சர்வேட்டிவ் கட்சிகளுக்கிடையில் நடந்த கொடூரமான உள்நாட்டு மோதலை நிறுத்துவதற்காக, 1958 முதல் 1974 வரை ஜனாதிபதிப் பதவியை நான்காண்டுக்கு ஒருமுறை மாறி மாறி வகிப்பது, மற்றப் பதவிகளைச் சரிபாதியாகப் பங்கிடுவது என்று இரு கட்சிகளும் இணங்கின. கட்சிகளுக்கிடையிலான கொலைகள் தணிந்தன. ஆனால் மூன்றாவது அணி எதுவும் சட்டப்படி ஆட்சிக்கு வர வழியில்லாத அந்தக் காலத்திலேயே, 1964இல், ஃபார்க் என்ற இடதுசாரிக் கிளர்ச்சி இயக்கம் உருவானது. அதனுடன் உடன்படிக்கை செய்ய 2016 ஆயிற்று.

பொஸ்னியாவில் நிலைமை இன்னும் வெளிப்படையானது. 1995 டேட்டன் உடன்படிக்கை போரை நிறுத்தியது, அதில் சந்தேகமில்லை. நாட்டின் ஜனாதிபதிப் பதவியை பொஸ்னியாக், குரோவாட், சேர்பியர் ஆகிய மூவர் சேர்ந்து வகிக்க வேண்டும் என்று அது அரசியலமைப்பிலேயே எழுதிவிட்டது. ஆகவே அங்கே பிறந்து வளர்ந்த யூதர் ஒருவரும் ரோமா இனத்தவர் ஒருவரும் அந்தப் பதவிக்குப் போட்டியிட முடியாமல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2009 டிசெம்பரில் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வந்தது. அரசியலமைப்பை இன்னும் மாற்றவில்லை. லெபனான் 1943இல் 6க்கு 5 என்று கிறிஸ்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் ஆசனங்களைப் பங்கிட்டது 1932ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை வைத்து. 1989 தாயிஃப் உடன்பாடு அதைச் சரிபாதியாக்கிப் பதினைந்தாண்டுப் போரை முடிக்க உதவியது. ஆனால் அந்த 1932க்குப் பிறகு இன்றுவரை அங்கே அதிகாரபூர்வமான குடிசன மதிப்பீடே எடுக்கப்படவில்லை, ஏனென்றால் எண்ணினால் பங்கு ஆட்டம் கண்டுவிடும்.

ஆசிரியர் விரும்பினால் நம்மூர் உதாரணம் ஒன்றையும் சேர்க்கலாம். 2012 செப்டெம்பர் தேர்தலில் கிழக்கு மாகாண சபையின் 37 ஆசனங்களில் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு 14, தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 11, முஸ்லிம் காங்கிரஸுக்கு 7, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 4, தேசிய சுதந்திர முன்னணிக்கு 1. எவருக்கும் பெரும்பான்மை இல்லை. 2015இல் முஸ்லிம் காங்கிரஸைச் சேர்ந்த முதலமைச்சரின் கீழ் தமிழ்க் கூட்டமைப்பினர் இருவரும் சிங்களப் பெண் உறுப்பினர் ஒருவரும் அமைச்சர்களாக இருந்தார்கள். எந்த உடன்படிக்கையும் அப்படிச் செய் என்று கட்டளையிடவில்லை. எண்ணிக்கை அப்படிச் செய்ய வைத்தது. இனவாரியாகப் பங்கை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும் என்பது அரசறிவியலாளர் அரெண்ட் லைபார்ட்டின் வழி. தேர்தலுக்கு ஒருவர் மற்றவரைத் தேடிப் போகும்படி விதிகளை அமைக்க வேண்டும் என்பது இன்னோர் அரசறிவியலாளரான டொனால்ட் ஹொரோவிட்ஸின் வழி. கிழக்கில் இரண்டாவதுக்கு ஒரு சின்னச் சாயல் தெரிந்தது என்பேன்.

நிலாவெளி 86:

மதிப்புக்குரியவர்களே, நீங்கள் அனைவரும் ஓர் உண்மையைச் சுற்றி வளைத்துப் போகிறீர்கள். இலங்கையில் போர் முடிந்தது 2009 மே மாதத்தில், போர்க்களத்தில். அங்கோலாவிலும் 1994 லுசாக்கா உடன்படிக்கையால் முடியாத போர், 2002 பெப்ரவரியில் கிளர்ச்சித் தலைவர் ஜோனாஸ் சவிம்பி கொல்லப்பட்டதும் சில வாரங்களில் முடிந்தது. எதிர்க்கும் அணி இந்த இரண்டைச் சொன்னாலே போதுமே?

சட்டம் படிப்பவள்:

நிலாவெளிச் சகோதரருக்கு: போதாது. தலைப்பு போரை நிறுத்துவதைப் பற்றி மட்டுமே என்றால் உங்கள் வாதம் நிற்கும். ஆனால் வென்றவருக்குப் பகிர வேண்டிய தேவை எதுவும் இல்லை என்பதால், போருக்குக் காரணமாக இருந்த கேள்வி அப்படியே கிடக்கும். அதற்கு நாங்கள் தொலைவுக்குப் போக வேண்டியதில்லை. நடுவர் இதைத்தான் முதலில் கேட்பார்.

ஆசிரியரின் இரண்டாவது கேள்வியை நான் இப்படிப் பார்க்கிறேன்: கொடுத்ததைக் கொடுத்தவர் தனியாகத் திருப்பி எடுக்க முடியுமா? தென்னாபிரிக்காவில் 1993 இடைக்கால அரசியலமைப்பின்படி, குறைந்தது 20 ஆசனங்களைப் பெற்ற கட்சிகளுக்கு அமைச்சரவையில் இடம் உண்டு. ஆனால் அது ஐந்தாண்டுக்கு மட்டுமே. 1996இல், முன்னர் நிறவெறி ஆட்சி நடத்திய தேசியக் கட்சி தானாகவே வெளியேறியது, நாடு கலையவில்லை. ஏனென்றால் அமைச்சரவைப் பங்கை யாரும் இறுதிப் பாதுகாப்பாக நம்பியிருக்கவில்லை. புதிய அரசியலமைப்பு எதை மீறக்கூடாது என்று 34 கோட்பாடுகள் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தன. அவற்றுக்கு இணங்க இருக்கிறதா என்று அரசியலமைப்பு நீதிமன்றம் சான்றளிக்க வேண்டும். மக்களால் தெரிவு செய்யப்பட்ட அரசியலமைப்புப் பேரவை எழுதிய வரைவை அந்த நீதிமன்றம் 1996 செப்டெம்பரில் திருப்பி அனுப்பியது. காரணங்களுள் ஒன்று, மாகாணங்களின் அதிகாரம் இடைக்கால ஏற்பாட்டில் இருந்ததைவிடக் கணிசமாகக் குறைந்துவிட்டது என்பது. திருத்திய பிறகே டிசெம்பரில் சான்றளித்தது. பெரும்பான்மைக் கட்சிக்கு எதிராக மாகாணத்தின் பக்கம் நின்ற இந்தத் தீர்ப்பை மாணவர்கள் படித்தே ஆக வேண்டும்.

இதனுடன் பதின்மூன்றாவது திருத்தத்தை ஒப்பிடுங்கள். ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. பொலிஸ் அதிகாரம் எழுத்தில் இருக்கிறது, எந்த மாகாணத்துக்கும் இதுவரை வரவில்லை. அரச காணி மத்தியிடமே இருக்கிறது என்று 2013இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தலுக்கு நேர்ந்ததோ இன்னும் எளிமையான ஒன்று: 2017இல் தேர்தல் முறையை மாற்றும் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது; புதிய முறைக்கு வேண்டிய எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் அதே பாராளுமன்றம் ஓர் ஆதரவு வாக்குக்கூட இல்லாமல் நிராகரித்தது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை. உங்கள் மாணவியிடம் இதையும் சொல்லுங்கள்: வட அயர்லாந்தில் சபை இடைநிறுத்தப்பட்டிருந்த காலத்திலேயே, 2003 நவம்பரில், அந்தச் சபைக்கான தேர்தல் நடந்தது. கூடுவதற்குச் சபை இல்லாதபோதும் மக்கள் தெரிவு செய்த உறுப்பினர்கள் இருந்தார்கள்; பேச்சுவார்த்தை மீண்டும் தொடங்கியபோது யாருடன் பேசுவது என்ற கேள்வியே எழவில்லை. இங்கே சபையை எவரும் இடைநிறுத்தவில்லை, உறுப்பினர்கள்தான் இல்லை.

இன்னொன்று, தம்பலகாமத்து ஐயாவிடம். ருவாண்டா உடன்படிக்கையில் ஆயுதமும் படையும் உங்கள் ஆச்சே உதாரணத்தைப் போலவே எண்களோடு எழுதப்பட்டிருந்தன. ஆகவே எண்கள் மட்டும் காக்காது என்று நினைக்கிறேன்.

தம்பலகாமத்தான்:

உண்மை, மகள். அங்கே எண்ணுவதற்கு நின்றவர்களை ஐ.நா. பாதுகாப்புச் சபையே எடுத்துவிட்டது. சுமார் 2,500 பேராக இருந்த படையை, கொலைகள் உச்சத்தில் இருந்த 1994 ஏப்ரலில், 270 பேராகக் குறைக்கத் தீர்மானித்தார்கள். மேலும், படையில் பாதி அதிகாரிப் பதவிகளை இழக்கப்போகிறவர்கள் கையிலேயே அப்போது படை இருந்தது. புருண்டியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும்: 2000இல் அந்த நாட்டுக்கெனத் தனியாகச் செய்யப்பட்ட அருஷா உடன்பாட்டின் வழியில் பாதுகாப்புப் படைகளில் எந்த இனமும் பாதிக்கு மேல் இருக்க முடியாது என்று வகுத்து, ஆண்டுக்கணக்கில் ஹூட்டுக்களையும் டுட்சிகளையும் ஒரே படைமுகாமில் கலந்தார்கள். 2015இல் ஜனாதிபதி மூன்றாம் முறை போட்டியிட்டபோது கலவரமும் சதிப்புரட்சி முயற்சியும் நடந்தன, பலர் கொல்லப்பட்டார்கள். ஆனாலும் படை இனவாரியாகப் பிளந்து மோதவில்லை.

உவர்மலை ஆசிரியர்:

அனைவருக்கும் மிக்க நன்றி. தென்னாபிரிக்கத் தீர்ப்பை ஆதரவு அணிக்கும், 2003 நவம்பர்த் தேர்தலை இரு அணிகளுக்கும் கொடுக்கிறேன். கிண்ணியாச் சகோதரரிடம் ஒரு சந்தேகம்: 2015 கிழக்கு அமைச்சர் வாரியத்தை எந்த அணிக்குக் கொடுப்பது? போருக்குப் பிந்தியது என்பதால் அது போரை முடித்த உதாரணம் ஆகாது அல்லவா?

கிண்ணியா வாசகன்:

ஆகாது, சேர். எதிரணிக்கே கொடுங்கள். உடன்படிக்கை எதுவும் எழுதாமலே மூன்று சமூகங்களும் ஒரு வாரியத்தில் உட்கார முடிந்தது என்று அவர்கள் வாதிடட்டும்; அந்தச் சபையே 1987 ஒப்பந்தத்தால் வந்ததுதானே என்று ஆதரவு அணி திருப்பிக் கேட்கட்டும். விவாதம் அங்கேதான் சூடுபிடிக்கும்.